குழந்தைச் சாமான்: எதை இப்போது வாங்குவது, எதை விடுவது

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: மனைவிக்கு ஏழாம் மாதம், முதல் குழந்தை, சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கார் இல்லை. அடுத்த மாதம் எக்ஸ்போ அரங்கில் பேபி ஃபேர், அதாவது குழந்தைச் சாமான் விற்பனைச் சந்தை. நண்பர் ஒருவர் அனுப்பிய பட்டியலில் எழுபதுக்கும் மேல் சாமான், அதில் எதை வாங்குவது, எதை விடுவது? கடைசியில் ஒரு வரி: "பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்கிறார் அம்மா. அவரை எப்படிச் சமாளிப்பது?"

சமாளிக்க வேண்டாம் தம்பி, அம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி. அவர் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் முன்கூட்டியே நிறைய வாங்காத வீடுகளில்தான் பணமும் இடமும் மிஞ்சுகின்றன. பிரசவ வார்டிலும், பிறகு வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் பார்க்கும் வேலையிலும் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் கால் வைக்க முடியாத அளவுக்குப் பெட்டி அடுக்கியிருப்பார்கள், காய்ச்சல் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் இருக்காது.

நாம் இருப்பது சிங்கப்பூர். புளோக்கை விட்டு இறங்கினால் ஃபேர்பிரைஸ், பக்கத்தில் மருந்துக்கடை, போனில் ஆர்டர் போட்டால் ஓரிரு நாளில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதத்துக்கான சாமானை இப்போதே வாங்கிக் குவிக்க எந்த அவசியமும் இல்லை. அதனால் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: குழந்தை வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி மூன்று மணிக்கு இது இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோமா? மாட்டிக்கொள்வோம் என்றால் இப்போதே வாங்குங்கள். இல்லை என்றால் தேவை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தூங்கும் இடம். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அதே சமயம் விலை உயர்ந்தது பாதுகாப்பானது என்றும் நினைக்காதீர்கள். வேண்டியதெல்லாம் தட்டையான கெட்டி மெத்தை, அதில் இறுக்கமாக மாட்டிய விரிப்பு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, கட்டில் ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் உள்ளே கூடாது. கடையில் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், கையை எடுத்ததும் பள்ளம் நிற்கக் கூடாது. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியது இல்லை. மரக்கட்டில் பழையதாக இருந்தால் பரவாயில்லை, மெத்தை மட்டும் புதிதாக இருக்கட்டும்.

சாய்வாகப் படுக்கவைக்கும் தொட்டில், ஆடும் நாற்காலி இதையெல்லாம் தூங்குவதற்கென்று வாங்காதீர்கள். குழந்தையின் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும், அழக்கூட முடியாது. இப்படித்தான் அமெரிக்காவில் பல குழந்தைகள் இறந்த பிறகு 2019இல் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் தன் சாய்வுத் தொட்டிலை மொத்தமாகத் திரும்பப் பெற்றது. 2022இல் சாய்வுத் தொட்டிலையும் அந்தப் பஞ்சுத் தடுப்பையும் விற்கவே கூடாது என்று அங்கே சட்டம் போட்டார்கள். கேரோசல் செயலியில் பழைய சாமான் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள், "ஒரு மாதம்தான் உபயோகித்தது" என்று எதையும் விற்பார்கள்.

அப்படியானால் தூளி? அம்மா வந்ததும் இந்தக் கேள்வி வரும். ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிடும் தூளியும் அதை ஆட்டும் மோட்டாரும் இங்கே தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் சர்வசாதாரணம், நாமெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் துணிக்குள் குழந்தை வளைந்து கிடக்கிறது, மேலே சொன்ன அதே தாடைப் பிரச்சினை அங்கேயும் உண்டு. அழுகையை அடக்க, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க, கொஞ்ச நேரம் போடுகிறீர்கள் என்றால் சரி, தூங்கியதும் எடுத்துத் தட்டையான மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஆடவிடும் வேலை வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. மனைவி வேலைக்குத் திரும்பிக் குழந்தை காப்பகத்துக்குப் போனால் அங்கே தூளி இருக்காது. ஆட்டினால்தான் தூக்கம் என்று பழகிய குழந்தை அங்கே படும் பாடு தனிக் கதை.

தலை உருண்டையாக வர ஊரில் கடுகுத் தலையணை தைத்துக் கொடுப்பார்கள், இங்கே கடையில் நடுவில் குழி வைத்த தலையணை கிடைக்கிறது. இரண்டும் வேண்டாம். மல்லாக்கப் படுப்பதால் வரும் தட்டைக்கு, விழித்திருக்கும்போது கண்ணெதிரே குப்புறப் போட்டு விளையாட விடுவதும் தலையை வலம் இடமாக மாற்றி வைப்பதும்தான் வழி. அதற்குக் காசு கிடையாது.

பால் விஷயத்துக்கு வருவோம், பணம் அதிகம் கரைவது இங்கேதான். பிறக்கும் முன்பே அறுநூறு, எழுநூறு வெள்ளிக்குத் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்கி வைக்காதீர்கள். முதல் சில நாள் வருவது சொட்டுச் சொட்டாகச் சீம்பால், அதைக் கையால் பிழிந்து எடுப்பதுதான் சுலபம், எப்படி என்று வார்டில் கேட்டால் சொல்லித் தருவார்கள். பம்பில் மார்போடு பொருத்தும் கூம்புக்கு அளவு உண்டு, பால் இறங்கிய பிறகுதான் சரியான அளவு தெரியும். பெட்டியோடு வரும் அளவு பொருந்தாமல் புண்ணாகி, பாலே இல்லை என்று நினைத்துக்கொண்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திடீரென்று தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி ரகப் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். 16 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் காலம் நெருங்கும்போது உங்களுக்கென்று ஒன்று வாங்கினால் போதும். யாராவது தங்கள் பம்பைத் தருகிறேன் என்றால், பால் மோட்டாருக்குள் போகாத மூடிய வகையா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள், குழாயும் கூம்பும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஊரிலிருந்து பாலாடை, அதாவது பால் புகட்டும் சின்னக் கிண்ணம், கொண்டுவந்தால் மூலையில் போடாதீர்கள். பிழிந்தெடுத்த பத்து மில்லி பாலைத் தூங்கி வழியும் குழந்தைக்குப் புகட்ட இதைவிட நல்ல சாமான் கிடையாது, ரப்பர் முனையைப் பழக்கும் பிரச்சினையும் இல்லை. குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் உதட்டில் வைத்து, பாலை ஊற்றாமல் குழந்தை தானாக உறிஞ்ச விட வேண்டும். எவர்சில்வரில் வாங்கிக் கொதிநீரில் போட்டு எடுங்கள், வெள்ளியில் செய்தது என்றால் பொலிவு காட்டும் வேலைப்பாடு இல்லாத வழவழப்பானது நல்லது, இடுக்கில் பால் தங்காது.

பாட்டில் இரண்டு போதும். எட்டு பாட்டில் கொண்ட செட்டை வாங்கிவிட்டுக் குழந்தை அந்த முனையை வேண்டாம் என்று துப்பினால் என்ன செய்வீர்கள்? ஸ்டெரிலைசர் கட்டாயமில்லை, பெரிய பானையில் பாட்டில் முழுக்க மூழ்கப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வேலை முடிந்தது. முழுக்கப் பாட்டில் பால்தான் என்று ஆனால் நீராவி ஸ்டெரிலைசர் உழைப்பை மிச்சப்படுத்தும், அப்போது வாங்கலாம்.

பால் மாவு தேவைப்பட்டால் விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். 2017இல் போட்டித்தன்மை ஆணையம் இங்கே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்தாண்டில் 120 விழுக்காடு ஏறி, 2016இல் 56 வெள்ளியைத் தொட்டிருந்தது, அதற்குப் பெரிய காரணம் விளம்பரமும் ஆராய்ச்சி என்ற பெயரில் செய்யும் செலவும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான எந்தப் பால் மாவும் இங்கே விற்க வேண்டுமென்றால் ஒரே ஊட்டச்சத்துத் தரத்துக்கு உட்பட வேண்டும், விலை குறைந்த டின்னும் அதே தேர்வில் தேறியதுதான். அடுத்து, தண்ணீரை 45 டிகிரியில் வைத்திருக்கும் மின்கெட்டில், பொத்தானை அமுக்கினால் பால் கலக்கித் தரும் மெஷின் எல்லாம் ஃபேரில் கூவிக் கூவி விற்பார்கள். பால் மாவு கிருமி நீக்கியது இல்லை. அதில் அரிதாக இருக்கக்கூடிய கிருமியைக் கொல்ல 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கி, பாட்டிலைக் குழாய் நீரில் காட்டி ஆற வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்கவைத்த தண்ணீரை அரை மணிக்குள் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். அந்த மெஷினுக்குக் கொடுக்கும் காசில் நல்ல பிளாஸ்க் ஒன்று வாங்கலாம்.

பேம்பர்ஸ் புதுக்குழந்தை அளவில் ஒரே ஒரு பை. நம் குழந்தைகள் பெரும்பாலும் மூன்று கிலோ பக்கம் பிறக்கும், அந்த அளவு ஐந்து கிலோ வரைக்கும்தான், ஆகக் கொஞ்ச வாரத்தில் அடுத்த அளவுக்குப் போய்விடுவீர்கள். பிராண்டும் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது, ஒன்று தொடையில் சிவக்கும், ஒன்று முதுகுப் பக்கம் ஒழுகும். துடைக்கப் பஞ்சும் தண்ணீரும் முதல் மாதத்துக்குத் தாராளமாகப் போதும். துத்தநாகக் களிம்பு ஒரு டியூப். ஈரத் துடைப்பானைச் சூடாக்கும் பெட்டி என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது, இந்த ஊர் வெயிலில் அது எதற்கு என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். பேம்பர்ஸ் போடத் தனிக் குப்பைத்தொட்டியும் வேண்டாம், கட்டிக் குப்பைக் குழாயில் போட்டால் ஆயிற்று.

உடுப்பு நீங்கள் வாங்கவே வேண்டியதில்லை, வந்து குவியும். முன்பக்கம் திறக்கும் மெல்லிய பருத்திச் சட்டை ஆறேழு, பாட்டியின் பழைய நூல் புடவையைக் கிழித்த துணிகள் பத்து இருந்தால் ராஜபோகம். அந்தத் துணிதான் போர்த்தவும், துடைக்கவும், தோளில் போட்டுக்கொள்ளவும், மடியில் விரிக்கவும், நூறு தடவை துவைத்து மெத்தென்று ஆனதற்கு ஈடாக எந்தக் கடைத் துணியும் வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருக்கும் குழந்தைக்கு அந்துருண்டையின் நாப்தலின் வாடையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். அக்கா வீட்டுப் பரணிலிருந்து வரும் பழைய உடுப்பும், அம்மாவின் டிரங்குப் பெட்டிப் புடவையும் பெரும்பாலும் அந்துருண்டையோடுதான் இருந்திருக்கும். துவைத்தாலும் வாடை முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது, வாடை வீசினால் அந்தத் துணியே வேண்டாம். பரிசோதனை முடிவு வரும் வரை எல்லாக் குழந்தைக்கும் அந்தக் குறைபாடு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையில் இன்னும் சில. முகத்தில் பூசும் பவுடர் வேண்டாம், மூச்சில் போகிறது. கண்ணுக்கு மை வேண்டாம், கடை மைகளில் ஈயம் இருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. திருஷ்டிக்குத்தான் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் உள்ளங்காலில் ஒரு பொட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், காலும் வாய்க்குப் போகும் வயது வந்ததும் அதையும் நிறுத்துங்கள். வசம்பு வளையல் கட்டினால் மணி கழன்று தொண்டைக்குள் போகும். வயிற்றில் தடவும் தைலம் எதுவானாலும் கற்பூரம் இருக்கிறதா என்று பாட்டிலில் படித்துப் பாருங்கள், இருந்தால் தொடவே கூடாது, சிசுவுக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். எண்ணெய் தேய்க்க விரும்பினால் தேங்காய் எண்ணெய், அது தேக்கா சந்தையில் கிடைக்கும் சாதாரண பாட்டிலே போதும்.

குளிப்பாட்ட ஒரு பேசன் போதும். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவார் என்றால் அதுவும் வேண்டாம்.

ராத்திரி மூன்று மணிக் கேள்விக்கு உண்மையான பதில் தெர்மாமீட்டர்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காட்டினால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் ஒன்று போதும், நெற்றியில் காட்டும் விலையுயர்ந்தது கட்டாயமில்லை. கூடவே நகம் ராவ ஒரு சின்ன அரம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. கொசுவலையும் முன்பே வாங்குங்கள், டெங்கி ஊரில் இருக்கிறோம், இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டீட் கலந்த கொசு மருந்து பூசக் கூடாது.

கார் இல்லை என்கிறீர்கள். சட்டப்படி 1.35 மீட்டருக்குக் கீழே உள்ள எவரும் அதற்கேற்ற இருக்கையில் இருக்க வேண்டும், டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. போனில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை, இது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டு ஓட்டுநரிடம் வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவர் மேல் தப்பில்லை. டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போகச் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அது பாதுகாப்பு ஆகிவிடாது. அடிக்கடி காரில் போவீர்கள் என்றால் பிறந்த குழந்தைக்கான பின்நோக்கும் இருக்கை வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். பழையது வாங்கினால் விபத்தில் சிக்காதது என்று நீங்கள் நேரடியாக அறிந்தவரிடம் மட்டும், காலாவதித் தேதி பார்த்து. எப்போதாவதுதான் என்றால் பஸ்ஸும் ரயிலும் போதும்.

அதற்கு மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான் உங்கள் உண்மையான வண்டி. குழந்தையின் தொடை தவளை மாதிரி விரிந்து முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து இருக்க வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும், முகம் துணியில் புதையக் கூடாது. மெல்லிய துணியில் வாங்குங்கள், இரண்டு உடம்புச் சூடும் சேர்ந்தால் வியர்த்து ஊற்றும். இதைக் கடையில் கட்டிப் பார்த்து வாங்குவது நல்லது, உங்களுக்கும் மனைவிக்கும் இருவருக்கும்.

ஸ்ட்ரோலரைப் பிறகு பார்க்கலாம். 2017 ஏப்ரலிலிருந்து பஸ்ஸில் மடிக்காமலே ஏற்றலாம், ஆனால் கூட்டத்தில் ஒரு கையால் மடிக்க வேண்டிய நேரம் கட்டாயம் வரும். பெரிய சக்கரம் வைத்த ராட்சச வண்டி செங்காங் நாலறை வீட்டு வாசலில் எங்கே நிற்கும்? நடைபாதையில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீயணைப்பு விதி இருக்கிறது, நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டும். விமானத்தில் தலைக்கு மேல் வைக்கும் அளவுக்கு மடிகிற லேசான வண்டி ஒன்று, குழந்தையைத் திருச்சிக்கோ சென்னைக்கோ கூட்டிப்போகும் சமயத்தில் வாங்குங்கள். பல வண்டிகள் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் ஏற்றவை, பிறந்த குழந்தைக்கு என்றால் முழுக்கத் தட்டையாகச் சாய வேண்டும்.

மற்றவை வேகமாக. வீடியோ மானிட்டர்: நாலறை வீட்டில் எங்கிருந்து அழுதாலும் கேட்கும். டயபர் மாற்றும் மேஜை: தரையில் பாய் போதும், விழவும் பயமில்லை. உணவு அரைக்கும் குட்டி மெஷின்: வீட்டில் மிக்சி இருக்கிறது. உயர நாற்காலி ஆறு மாதத்துக்குப் பிறகு, ஐக்கியாவின் எளிய வெள்ளை நாற்காலி கேரோசலில் எப்போதும் கிடைக்கும். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு, அது நடக்கும் பிள்ளை பின்னால் நின்று தள்ளுவது.

ஃபேருக்குப் போகலாம், தவறில்லை. பேம்பர்ஸ் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கும், கேரியர் கட்டிப் பார்க்கலாம். "இன்று மட்டும்" பேக்கேஜில் கையெழுத்துப் போடாதீர்கள். தொப்புள்கொடி இரத்தம் சேமிக்கும் நிறுவனங்களும் அங்கே இருக்கும், ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இங்கே ஒரு தனியார் வங்கியின் கொள்கலனில் வெப்பநிலை தவறி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு வீணானது 2023இல் தெரியவந்தது. விருப்பம் இருந்தால் பொது வங்கிக்குத் தானமாகக் கொடுக்கும் வழியையும் விசாரித்துப் பாருங்கள்.

பணக் கணக்கு: குழந்தை குடிமகனாக இருந்தால் முதல் குழந்தைக்கு அரசு தரும் போனஸ் 11,000 வெள்ளி, ஆனால் அது ஆறரை வயது வரை தவணையாக வரும், பிறந்ததும் கையில் வருவது 3,000. குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் அரசு போடும் 5,000 காப்பகத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும், அதைத் தொடாமல் வையுங்கள். மேலே நான் "இப்போதே" என்று சொன்னவை எல்லாம் சேர்த்து, கட்டிலைப் பழையதாக எடுத்தால், அந்த 3,000இல் கொஞ்சம்தான் கரையும்.

உறவினர் போன் செய்து "என்னப்பா வேணும்" என்று கேட்பார்கள். வெட்கப்படாமல் "M" அளவு பேம்பர்ஸ் என்று சொல்லுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள், அத்தைமாரிடம் அவர் சொன்னால்தான் எடுபடும்.